கெரிச்சோ டுக்காவும் எங்கள் லயத்துப் பெட்டிக்கடையும்

போன செவ்வாய்க்கிழமை மூணாறு டவுனில் தன் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க ஒரு கைரேகை மெஷின் முன்னால் அம்மா முக்கால் மணி நேரம் நின்றாள். வலது கட்டைவிரலை வைத்தாள். விழவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். இடது கை, ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று எல்லாம் பார்த்தாயிற்று. கவுண்டரில் இருந்த பையன் நல்லவன்தான், கொஞ்சம் தேங்காயெண்ணெய்கூடத் தேய்த்துப் பார்க்கச் சொன்னான். கடைசியில் "அம்மச்சி, நாளெ வரூ" என்றான். முப்பத்தாறு வருஷம் கொழுந்து எடுத்த விரல்கள். தேயிலைக் கறை போய்விட்டது, தேய்ந்துபோன ரேகை திரும்பி வரவில்லை.

நாளைக்கு வா என்றால் அவ்வளவு சுலபமா? எங்கள் லயத்திலிருந்து, அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, டவுனுக்கு 28 கிலோமீட்டர். டாப் ஸ்டேஷன் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் எஸ்டேட் பாதை. காலை ஏழு மணிக்கு ஒரு ஜீப், அதை விட்டால் மதியம்தான். அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். தம்பியும் அவன் மனைவியும் எஸ்டேட்டில் வேலை செய்வதால் லயத்து வீடு இன்னும் எங்களிடம் இருக்கிறது. அவளைக் கூட்டிக்கொண்டு போய்வர எனக்கு ஒரு நாள் வேலை போகிறது. அவளுடைய பணம், அவளுடைய பெயரில் இருக்கும் கணக்கு, ஆனால் அன்று எங்களால் 2,000 ரூபாய் எடுக்க முடியவில்லை.

திரும்பி வரும்போது ஜீப்பில் எனக்குக் கெரிச்சோ ஞாபகம்தான் வந்தது. 2010-லிருந்து 2015 கடைசி வரை நான் கென்யாவில் கெரிச்சோ பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தேன். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதிவிடுகிறேன்.

கெரிச்சோவைப் பார்த்தால் மூணாறுக்காரனுக்கு முதல் நாளே தொண்டை அடைக்கும். கிட்டத்தட்ட அதே உயரம், அதே மதிய மழை, அதே பச்சை. எங்கள் மலையில் 1897-ல் கண்ணன் தேவன் கம்பெனியை உண்டாக்கிய ஸ்காட்லாந்துக்காரர்களான ஃபின்லே ஆட்கள்தான் 1920-களில் கெரிச்சோவிலும் தேயிலை போட்டார்கள். அதனால் வரிசை வரிசையான தொழிலாளர் வீடுகள்கூட ஒரே சாயல். அங்கே கொழுந்து எடுப்பவர்களில் நிறையப் பேர் கிப்சிகிஸ் மக்கள். அவர்களுடைய பாட்டனார் காலத்தில் ஆண்கள் கிபண்டே என்ற அடையாளச் சீட்டை ஒரு தகர டப்பியில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் சட்டம் வைத்திருந்தானாம். இங்கே கங்காணி காலத்துக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதனால் அதைச் சொன்னபோது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

என்னோடு உதவியாளாக இருந்த பையனுக்கு வயது இருபத்து மூன்று. ஊரில் அம்மாவும் இரண்டு தங்கைகளும். சம்பளம் வாங்கிய மாலை ஃபேக்டரி கேட்டுக்கு எதிரே இருந்த டுக்காவுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். டுக்கா என்றால் சுவாஹிலியில் கடை; இந்தியில் துகான் என்பார்களே, அதே சொல்தான். நம் பெட்டிக்கடையை விடக் கொஞ்சம் பெரிது. சோப்பு, சர்க்கரை, மண்ணெண்ணெய், ரொட்டி. சுவரில் பச்சைப் பெயிண்ட், அதில் எம்-பெசா என்ற எழுத்து. பெசா என்றால் பணம். எம் என்பது மொபைல்.

அவன் அடையாள அட்டையைக் காட்டினான். கடைக்கார அம்மாள் ஒரு நீள நோட்டில் தேதி, தொகை, அட்டை எண் எழுதினாள். அவன் கையெழுத்துப் போட்டான். ரொக்கத்தை வாங்கிக்கொண்டு தன் ஃபோனில் ஏதோ அழுத்தினாள். இவன் ஃபோனில் டிங் என்று ஒரு மெசேஜ். அவ்வளவுதான், காசு அவன் கணக்கில். பிறகு அங்கேயே நின்று ரகசிய எண்ணை அழுத்தி அம்மாவுக்கு அனுப்பினான். பட்டன் வைத்த சாதாரண நோக்கியா ஃபோன், இன்டர்நெட் கிடையாது. அனுப்பும் கட்டணம் 30 ஷில்லிங், அன்றைய மதிப்பில் நம் காசுக்கு 17 ரூபாய் போல. நாங்கள் ஆளுக்கு ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அவன் அம்மா அங்கே தன் ஊர் டுக்காவில் காசை எடுத்துக்கொண்டு ஃபோன் செய்துவிட்டாள்.

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அதே வாரம் நானும் என் அம்மாவுக்குப் பணம் அனுப்பியிருந்தேன். நான் கெரிச்சோ டவுனுக்குப் போய், வரிசையில் நின்று, படிவம் எழுதி அனுப்ப வேண்டும். பணம் வாங்குவதற்கான ரகசிய நம்பரை ஃபோனில் தம்பியிடம் சொல்ல வேண்டும். லயத்தில் சிக்னல் கிடையாது, அவன் மேட்டுக்கு ஏறி நிற்கும் நேரம் பார்த்துக் கூப்பிட வேண்டும். அப்புறம் அம்மா ஒரு நாள் பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) போகாமல், சம்பளத்தை விட்டுவிட்டு, 28 கிலோமீட்டர் ஜீப்பில் தொங்கிக்கொண்டு போய் வாங்க வேண்டும். கடல் தாண்டி வந்த பணத்துக்கு அந்தக் கடைசி 28 கிலோமீட்டர்தான் பெரிய கஷ்டமாக இருந்தது.

அந்தப் பையன் சொன்ன இன்னொரு விஷயமும் நினைவிருக்கிறது. எம்-பெசா வருவதற்கு முன்னால் அவன் அப்பா எப்படிப் பணம் அனுப்புவார்? பஸ் டிரைவரிடம் ஒரு கவரில் கொடுத்து விடுவார். டிரைவருக்குக் கொஞ்சம் காசு. சில சமயம் கவர் வந்து சேரும், சில சமயம் 'வழியில் கொள்ளை போய்விட்டது' என்ற செய்தி மட்டும் வரும். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். போடியில் இருக்கும் சித்திக்கு அம்மா காசு கொடுத்தனுப்பியது எல்லாம் ஏலக்காய் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவரிடம்தான். மணியார்டர் என்றால் 100 ரூபாய்க்கு 5 ரூபாய் கமிஷன், அதுவும் தபால்காரர் வரும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும்.

சரி, இரண்டு நாடும் இந்த நிலைமைக்கு எப்படி வந்தன என்று பார்த்தால் அங்கேதான் வித்தியாசம் இருக்கிறது.

இந்தியாவில் அரசாங்கம் வங்கியைக் கையைப் பிடித்து இழுத்துக் கிராமத்துக்குக் கொண்டுபோக முயன்றது. 1969 ஜூலை 19-ல் 14 வங்கிகள் நாட்டுடைமை, 1980-ல் இன்னும் 6. 1977-லிருந்து ஒரு விதி வைத்தார்கள்: ஏற்கெனவே கிளை இருக்கும் இடத்தில் புதிதாக ஒரு கிளை திறக்க வேண்டுமானால், வங்கியே இல்லாத நான்கு இடங்களில் திறக்க வேண்டும். 1990 வாக்கில் அந்த விதியை விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு கிராமக் கிளைகள் பெருகுவது நின்றுபோனது. கேரளத்தைப் பொறுத்தவரை வங்கிக்குப் பஞ்சமே இல்லை. கோட்டயம், திருச்சூர் பக்கமெல்லாம் சுதந்திரத்துக்கு முன்பே வங்கிகள் நிறைந்திருந்தன. சிட்டி, அதாவது சீட்டு, நடத்துவதற்கென்றே 1969-ல் கேரள அரசு கே.எஸ்.எஃப்.இ. என்ற நிதி நிறுவனத்தை ஆரம்பித்தது. ஆனால் எங்கள் தாத்தாவுக்கு வங்கி என்றால் பயம். 1960-ல் பாலா சென்ட்ரல் பேங்க் மூழ்கியதை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஒரு காசும் அதில் போட்டதில்லை, அவருக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடைக்காரர் போட்டிருந்தார். அந்த வங்கி விழுந்ததும், டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் வேண்டும் என்று 1961-ல் சட்டம் வந்தது. தாத்தாவுக்கு அந்தச் சட்டத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

கென்யாவில் கதை நேர் எதிர். 1990-களின் பின்பாதியில் பெரிய வங்கிகள் கிராமத்துக் கிளைகளை மூடிக்கொண்டு நகரத்துக்குப் போய்விட்டன. கணக்கில் குறைந்தபட்சம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று வைத்த தொகையே ஏழைக்கு எட்டாது. 2006-ல் அவர்கள் எடுத்த கணக்கெடுப்பில், பெரியவர்களில் 26.7 சதவீதம் பேருக்குத்தான் முறையான நிதி நிறுவனம் எதுவோடாவது தொடர்பு இருந்தது. அடுத்த ஆண்டு, 2007 மார்ச்சில், சஃபாரிகாம் என்ற ஃபோன் கம்பெனி எம்-பெசாவை ஆரம்பித்தது. வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள் என்பதுதான் விளம்பரமே. அங்குள்ள மத்திய வங்கி தடுக்கவில்லை, கண்காணித்துக்கொண்டே விட்டது. மக்கள் போடும் காசு முழுக்க ஒரு அறக்கட்டளையின் பெயரில் வங்கியில் இருக்கும்; ஃபோன் கம்பெனி அதைத் தொட முடியாது. 2008 ஜனவரியில் தேர்தல் கலவரத்தின்போது நைரோபியின் குடிசைப் பகுதிகளில் மாட்டிக்கொண்டவர்களுக்கு உறவினர்கள் ஃபோன் வழியாகத்தான் காசு அனுப்பினார்கள். நான் போன சமயத்தில் நாடு முழுக்க வங்கிக் கிளைகள் ஆயிரத்தை ஒட்டித்தான் இருந்தன, எம்-பெசா கடைகளோ பத்தாயிரக்கணக்கில்.

கடைக்காரருக்கு ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் கமிஷன். அதனால் அவரே வந்து எனக்கும் கொடு என்று கேட்பார். கெரிச்சோ டுக்கா அம்மாள் வாரத்தில் இரண்டு நாள் டவுன் வங்கிக்குப் போய் ரொக்கத்தையும் ஃபோனில் இருக்கும் இருப்பையும் சமன் செய்துகொண்டு வருவாள். ஃப்ளோட் என்பார்கள் அதை. ஊரில் இருநூறு பேர் டவுனுக்கு அலைவதற்குப் பதில் அவள் ஒருத்தி அலைந்தாள், அதற்குக் கூலியும் கிடைத்தது. எனக்கு அந்த ஏற்பாட்டின் மேல் வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

2014 ஆகஸ்ட் 28-ல், எல்லோருக்கும் வங்கிக் கணக்கு என்ற ஜன் தன் திட்டம் இந்தியாவில் வந்தது. அந்த வருஷமே எஸ்டேட் கிளப்பில் முகாம் போட்டு அம்மாவுக்குக் கணக்குத் திறந்தார்கள். அம்மா ஃபோனில் சந்தோஷமாகச் சொன்னாள்: "தம்பி, எனக்கும் பேங்குல புஸ்தகம் குடுத்துட்டாங்க." அந்தப் பாஸ்புக்கை ரேஷன் கார்டோடு தகரப் பெட்டியில் வைத்தாள். இரண்டு வருஷம் அதில் பூஜ்யம்தான் இருந்தது. போடுவதற்கும் எடுப்பதற்கும் டவுனுக்குப் போக வேண்டும் என்றால் யார் போவார்கள்?

அப்புறம் 2016 நவம்பர் 8. நான் ஊருக்குத் திரும்பி ஒரு வருஷம் ஆகவில்லை. அதுவரை எஸ்டேட் சம்பளம் ரொக்கமாகத்தான் வரும். செக்ரோல் நம்பரை (எஸ்டேட் வேலைப் பதிவேட்டு எண்) கூப்பிடுவார்கள், போய் எண்ணி வாங்கிக்கொள்ளலாம். நோட்டு செல்லாது என்று அறிவித்த பிறகு சம்பளம் வங்கிக் கணக்குக்குப் போனது. தொழிலாளியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமலே கணக்கில் போடலாம் என்று 2017-ல் சட்டத்தையும் மாற்றினார்கள். அம்மாவின் நாள் கூலி அப்போது 301 ரூபாய். 2015 செப்டம்பரில் மூணாறு பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து நடத்திய பெம்பிளை ஒருமைப் போராட்டத்துக்குப் பிறகு 232-லிருந்து ஏறிய கூலி அது. அந்தக் கூலியை எடுக்க ஒரு நாள் கூலியை விட வேண்டியிருந்தது. ஜீப் காசு தனி. ஏ.டி.எம். வரிசையில் எங்கள் லயத்துப் பெண்கள் கூடையில் சோற்றுத் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தது என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. படிவம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது காலேஜ் பிள்ளை வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் குறை கென்யாவிலும் உண்டு. எம்-பெசா மெனு ஆங்கிலத்திலும் சுவாஹிலியிலும்தான் வரும். கிப்சிகிஸ் பாட்டிமார் பேரப் பிள்ளையிடம்தான் ஃபோனை நீட்டுவார்கள், ரகசிய எண்ணோடு சேர்த்து.

உலக வங்கி 2011-லிருந்து ஃபின்டெக்ஸ் என்று ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. அந்த எண்களை நான் அடிக்கடி பார்ப்பேன். 2011-ல் பெரியவர்களில் கணக்கு வைத்திருந்தவர்கள் இந்தியாவில் 35 சதவீதம், கென்யாவில் 42. 2014-ல் இந்தியா 53, கென்யா 75. இந்தத் தாவலில் ஒரு பகுதி எண்ணும் முறையால் வந்தது. 2011-ல் ஃபோன் பணக் கணக்கைச் சேர்க்கவில்லை, 2014-ல் சேர்த்தார்கள். 2017-ல் 80-ம் 82-ம். கடைசியாக 2024-க்கான எண்ணில் இந்தியா 89, கென்யா 90. பெண்களை மட்டும் பார்த்தால் இந்தியாவின் மாற்றம் நெஞ்சை நிறைக்கிறது. 2011-ல் நம் நாட்டில் ஆண்களில் 44 சதவீதத்துக்குக் கணக்கு இருந்தபோது பெண்களில் 26 சதவீதத்துக்குத்தான் இருந்தது. 2021-ல் அந்த இடைவெளியே இல்லை. அம்மா அந்த எண்ணிக்கையில் ஒருத்தி.

ஆனால் அதே 2021 கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. இந்தியாவில் கணக்கு வைத்திருந்தவர்களில் 35 சதவீதம் பேர் ஒரு வருஷம் முழுக்க ஒரு முறைகூடப் பணம் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. தகரப் பெட்டிக்குள் இருக்கும் பாஸ்புக்குகள். 89-ம் 90-ம் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். கென்யாக்காரருக்கு முதலில் நடை தூரத்தில் ஒரு கடை கிடைத்தது, கணக்கு அதோடு சேர்ந்து வந்தது. நமக்கு முதலில் கணக்கு வந்தது, கடை இன்னும் எங்கள் லயத்துக்கு வரவில்லை.

இதை இந்தியாவில் யாரும் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். 2006-லேயே ரிசர்வ் வங்கி, வங்கியின் சார்பாக ஊரில் ஒருவர் பணம் வாங்கலாம், கொடுக்கலாம் என்று அனுமதி கொடுத்தது. பேங்க் மித்ரா என்று இப்போது சொல்கிறோமே, அவர்கள்தான். ஜன் தன் திட்டத்தில் 5 கிலோமீட்டருக்குள் ஒரு வங்கி வசதி என்று இலக்கும் வைத்தார்கள். மேப்பில் 5 கிலோமீட்டர் என்பது மலையில் ஒரு பள்ளத்தாக்கு இறங்கி ஏறுவதாக இருக்கலாம். எம்-பெசாவே 2013-ல் இந்தியாவுக்கு வந்தது, ஒரு வங்கியோடு சேர்ந்து. 2019-ல் கடையைக் கட்டிவிட்டுப் போய்விட்டது. ஃபோன் கம்பெனி தனியாகப் பணத்தைக் கையாள இங்கே விடவில்லை, வங்கி வழியாகத்தான் எல்லாம் என்பது நம் கொள்கை. அது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அதனால்தான் 2016-ல் யு.பி.ஐ. வந்தபோது எந்த வங்கியிலிருந்தும் எந்த வங்கிக்கும், எந்த ஆப்பிலிருந்தும், கட்டணம் இல்லாமல் அனுப்ப முடிந்தது. கென்யாவில் ஒரு கம்பெனியின் ஃபோன் பணத்திலிருந்து இன்னொன்றுக்கு நேராக அனுப்பும் வழி 2018-ல்தான் வந்தது, பெரும்பாலும் கட்டணமும் உண்டு. ஏழைக்கு 17 ரூபாயும் பெரிய காசுதான். தம்பி இப்போது போடியில் சித்திக்கு ஒரு ரூபாய் செலவில்லாமல் அனுப்புகிறான், எஸ்டேட்டில் டவர் வந்த பிறகு. அம்மாவிடம் ஸ்மார்ட்ஃபோன் இல்லை. அவளுக்கு வேண்டியது கையில் காசு.

கடன் விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. நான் அங்கே இருந்தபோதே, 2012 நவம்பரில், எம்-ஷ்வாரி என்று ஃபோனிலேயே கடன் கொடுக்க ஆரம்பித்தார்கள். 30 நாளுக்கு 7.5 சதவீதக் கட்டணம். நாலைந்து பட்டனை அழுத்தினால் கடன். முதலில் என் உதவியாள் பையன் தங்கையின் பள்ளிக் கட்டணத்துக்கு வாங்கினான், நல்ல காரியம்தான். பிறகு பழைய கடனை அடைக்கப் புதுக் கடன். அடுத்தடுத்து எத்தனையோ கடன் ஆப்புகள் வந்து, ஊரெல்லாம் சிக்கி, 2022-ல்தான் அங்குள்ள மத்திய வங்கி அவற்றுக்கு உரிமமும் விதியும் கொண்டுவந்தது. நம் பக்கம் அது குழுக் கடனாக வந்தது. ஆந்திராவில் வசூல் நெருக்கடி தாங்காமல் பெண்கள் செத்துப்போன செய்திகளுக்குப் பிறகு 2010 அக்டோபரில் அவசரச் சட்டம் போட்டார்கள். எங்கள் லயத்துக்கு வாராவாரம் பைக்கில் வரும் வசூல்காரரைப் பார்த்து ஒரு அக்கா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே பிள்ளையோடு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கடன் கொடுப்பவருக்கு மட்டும் அந்த மலைப் பாதை தூரமாகத் தெரியவில்லை. சேமிப்பைப் பத்திரமாக வைக்கத்தான் வழி தூரமாக இருந்தது. இது எனக்கு ஆத்திரமூட்டும் விஷயம். குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில், அதாவது அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுவில், அம்மா வாரம் பத்து ரூபாய் போட்டு வந்தது மட்டும்தான் எங்கள் லயத்துக்குள்ளேயே நடந்த சேமிப்பு. கென்யாவில் சாமா என்று பெண்கள் கூடி நடத்தும் குழுவும் இதே மாதிரிதான்.

கேரள அரசு ஒரு காரியத்தை நன்றாகச் செய்கிறது. நலப் பென்ஷன் வாங்கும் முதியவர்களில் வங்கிக்குப் போக முடியாதவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கத்து ஆள் வீட்டுக்கே வந்து ரொக்கமாகக் கொடுக்கிறார். பக்கத்து வீட்டுப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்தபடியே வாங்குகிறாள். அம்மாவுடையது எஸ்டேட் வேலைக்கான பி.எஃப். பென்ஷன், அது வங்கிக்குத்தான் வரும். சேமிப்பும் அங்கேதான்.

ஆறேழு மாதமாக லயத்தில் ஒன்று தானாகவே நடந்துகொண்டிருக்கிறது. பெட்டிக்கடை அண்ணாச்சியிடம் க்யூ.ஆர். அட்டை இருக்கிறது. பொடிசுகள் அதில் 500 அனுப்பிவிட்டு ரொக்கமாக 490 வாங்கிப் போகிறார்கள். அவர் ஒரு நோட்டில் தேதியும் தொகையும் எழுதுகிறார். அந்த நோட்டை முதல் முறை பார்த்தபோது கெரிச்சோ அம்மாளின் நீள நோட்டுதான் நினைவுக்கு வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், கடை இருக்கும் இடத்தில் வங்கி முளைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பத்து ரூபாயை வங்கிதான் அவருக்குக் கொடுக்க வேண்டும், எங்கள் ஆட்கள் கொடுக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை ராத்திரி அவரிடம் போய்ப் பேசினேன். "நீங்களே பேங்க் மித்ரா ஆயிடலாமே அண்ணாச்சி" என்றேன்.

"பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன், அது போதுமா?" என்று கேட்டார்.

போதும். ஒரு பரீட்சை எழுத வேண்டும், போலீஸ் சான்று வேண்டும், மெஷின் வேண்டும், முதலாகக் கொஞ்சம் பணம் கட்டி வைக்க வேண்டும். ரேகை விழாதவர்களுக்கு ஃபோனுக்கு வரும் எண்ணையோ கார்டையோ வைத்துக் கொடுக்கும் வழி உண்டா என்று நான் வங்கியில் கேட்டு வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அம்மாவைப் போன்றவர்களுக்குப் பயன் இல்லை. முதல் பணத்துக்கு நானும் தம்பியும் பாதி போடுவதாகச் சொல்லியிருக்கிறோம். விண்ணப்பம் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. நேற்று ராத்திரி அண்ணாச்சி கடையில் பல்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து நானே நிரப்பினேன்; அவர் ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன அர்த்தம் என்று கேட்டுக்கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். நாளைக் காலை ஏழு மணி ஜீப்பில் அவரும் நானும் டவுனுக்குப் போகிறோம். அம்மாவும் வருகிறாள், விரலை இன்னொரு தடவை வைத்துப் பார்க்க.